அது யாரோடது, கண்ணு?

ஒன்றரை வருடமாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். விஷயம் மலம் என்பதால் கூச்சம், அது ஒரு காரணம். ஆனால் நிஜமான காரணம், இதில் நான் இரண்டு பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருமே நலமாக இருக்கிறார்கள், தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுத் தொழுவத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறார்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளம்தான், ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் கோயம்புத்தூர் ஒரு மணி நேரம் என்பதால் கல்யாணப் புடவைக்கும் பெரிய வியாதிக்கும் நாங்கள் கிழக்கே போகிறவர்கள். நான் கோவையிலேயே தங்கிவிட்டேன். அம்மா ஊரில், ஏழு மாடுகளோடு.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. சீழ் கோத்து கன்னம் வீங்கிவிட்டது, அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, அதனால் பல் டாக்டர் கிளிண்டாமைசின் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், யாராயிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். பல்வலி நாலு நாளில் போனது. பத்து நாள் கழித்து வயிறு போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை. உள்ளூரில் ஒருவர் சாதாரணப் பேதி என்று நினைத்து இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. கோவைக்குக் கூட்டிவந்து மோஷன் டெஸ்ட் எடுத்தபோதுதான் சி டிஃப் என்ற பெயரையே நாங்கள் கேள்விப்பட்டோம். கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில். 1935இல் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள், ஆய்வகத்தில் வளர்க்கவே சிரமமாக இருக்கிறதே என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்களாம். எங்கள் வீட்டில் அதற்கு அப்படி ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கோரைக் கிழங்கு

டாக்டர் படம் போட்டு விளக்கினார். எனக்கு விளங்கியது வயக்காட்டு மொழியில்தான். குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியா நெருக்கமாக வாழ்கின்றன, நல்ல பயிர் மூடிய வயல் மாதிரி, களைக்கு இடமே இருக்காது. கிளிண்டாமைசின் மாதிரி ஒரு மருந்து போய் மொத்தத்தையும் கருக்கிவிட்டால் முதலில் முளைப்பது களை. அந்தக் களை விடும் நச்சுதான் குடலைப் புண்ணாக்குகிறது. சரி, களையைக் கொல்ல மருந்து இல்லையா? இருக்கிறது, மெட்ரோனிடசோல், வான்கோமைசின். ஆனால் இது கோரை. மேலே கருகும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். இந்தக் கிருமிக்கு அந்தக் கிழங்கு மாதிரி ஸ்போர் என்று ஒன்று உண்டு, எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. மருந்தை நிறுத்தியதும், மேலே பயிர் இல்லை பாருங்கள், மறுபடி முளைக்கும். இதில் பித்தநீருக்கும் பங்கு உண்டு. கல்லீரல் அனுப்பும் பித்த அமிலங்களை நல்ல பாக்டீரியாக்கள் வேறொன்றாக மாற்றுகின்றன, அந்த மாறிய அமிலம் சி டிஃபை வளரவிடாது. மாற்ற ஆளில்லாமல் போனால் பழைய அமிலமே ஸ்போரை எழுப்பிவிடுகிறது. வீட்டுக்காரன் செத்துப்போனதும் அவன் வளர்த்த நாயே திருடனுக்கு வாலாட்டுகிற கதை.

முதல் தடவை குணமானவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது திரும்ப வரும் என்றார்கள். திரும்பி வந்தவர்களுக்கு மறுபடியும் வருகிற வாய்ப்பு இன்னும் அதிகம். அம்மாவுக்கு நான்கு தடவை வந்தது. வான்கோமைசின் ஊசி மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து வேளைக்கு 125 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை குடிக்கச் சொன்னார்கள். குடலிலிருந்து அது ரத்தத்துக்குக் கிட்டத்தட்டப் போவதே இல்லையாம், அதனால்தான் குடித்தால் குடலுக்கு வேலை செய்கிறது. கசப்பு. குடிக்கிறவரை நிற்கும், நிறுத்தி இரண்டு வாரத்தில் மறுபடி கக்கூஸ் கதவு. கொரோனா மிச்சம் வைத்துவிட்டுப்போன சானிடைசர் பாட்டில் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றது, அந்த ஸ்போருக்கு ஆல்கஹால் ஒன்றும் செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் என்று நர்ஸ் சொன்ன அன்று அத்தனையையும் தூக்கிப் போட்டேன். பிளீச்சிங் பவுடர் வாசம் இல்லாத நாள் அந்த வருடத்தில் எனக்கு ஞாபகமே இல்லை. 61 கிலோ இருந்த அம்மா 47க்கு வந்தார். வெளியே எங்கும் போவதில்லை. பழனிக்குப் போவதற்கு வைத்திருந்த பணம் டயப்பருக்குப் போனது, அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லமாட்டோம், "அது தீந்துருச்சு" என்போம்.

நான்காவது தடவை வந்தபோது டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, எஃப்எம்டி செய்யலாம் என்றார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, உப்புநீரில் கலக்கி, வடிகட்டி, கொலனாஸ்கோப்பி குழாய் வழியே அம்மாவின் குடலுக்குள் விடுவது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எத்தனை முகங்களைப் பார்த்திருப்பார்.

அன்றைக்கு ராத்திரி தூங்காமல் படித்ததில் தெரிந்தது, இதில் புதுசு ஒன்றும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் சீனத்து வைத்தியர் கே ஹொங் கடும் பேதிக்கு மலக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். 1958இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், ஆன்டிபயாடிக்குக்குப் பின்னால் குடல் புண்ணாகிச் சாகக் கிடந்த நான்கு பேருக்கு எனிமாவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். எந்தக் கிருமியோடு மோதுகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது, அந்தக் குடல் புண்ணுக்கும் சி டிஃபுக்கும் உள்ள சம்பந்தமே 1978இல்தான் துலங்கியது. 2013இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் சோதனைதான் பெரிய திருப்பம். மலக் கரைசல் பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள், மிச்சம் மூவரில் இருவர் இரண்டாம் தடவையில். வெறும் வான்கோமைசின் எடுத்த 13 பேரில் நான்கே பேர். வித்தியாசம் இவ்வளவு பட்டவர்த்தனமாக இருக்கும்போது மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு அந்தக் கணக்கைப் படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றது ஞாபகம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினார்கள், அது போதும் எனக்கு.

செவலைக்குச் செய்தது

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அக்கா பொள்ளாச்சியிலிருந்து வந்தாள். "மருந்துன்னு மட்டும் சொல்லு, என்னன்னு சொல்லாத" என்றாள். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது அம்மா. நான் சுற்றி வளைத்து, நல்ல கிருமி, தயிர், மோர் என்றெல்லாம் ஆரம்பிக்க, அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டுவிட்டு, "செவலைக்கு மாட்டு டாக்டர் செஞ்சாரே, அந்த மாதிரியா?" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை யாரோ பாவம் என்று தொட்டியில் கொட்டிவிட்டுப் போக, செவலை வயிறு முட்டத் தின்று, வயிறு புளித்து, அசை போடாமல் படுத்துவிட்டது. சிகிச்சையெல்லாம் முடிந்தும் தீனி தொடவில்லை. அப்போது டாக்டர் நல்ல மாட்டின் வாய்க்குள் குழாய் விட்டு, முதல் வயிற்றிலிருந்து பச்சைத் தண்ணீராக எடுத்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் செவலைக்குள் ஊற்றினார். மூன்றாம் நாள் அசை போட்டது. கால்நடை வைத்தியத்தில் இது பழைய வழக்கம், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலியில் ஃபாப்ரிசியஸ் என்ற உடற்கூறு அறிஞர் இதைக் குறித்துவைத்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். அம்மா அதைப் படிக்கவில்லை, பார்த்திருந்தார். அன்று வாளியைப் பிடித்ததே அவர்தான்.

சம்மதம் அவ்வளவு சுலபமாக வந்தது. பெரிய கணவாயைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் கேட்டார்.

"அது யாரோடது, கண்ணு?"

1998இல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்த வங்கியிலிருந்து வந்தது. யாருடையது என்று அம்மாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாணம் மெழுகிய வாசலில் கோலம் போடுகிற வீடு, கோயிலில் பஞ்சகவ்யம் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக் குடிப்போம். அசிங்கம் என்பது பொருளில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "நம்ம வீட்டு ஆளுதாம்மா, வேற யாரோடதை எடுக்கப் போறோம்?" என்றேன். சொல்லும்போது அது பொய் இல்லை.

தேறியவன்

மலம் கொடுப்பதற்கு இத்தனை பரீட்சை இருக்கும் என்று யார் நினைத்தார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை வகைகள், சிபிலிஸ், குடல் புழு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, எல்லாவற்றுக்கும் ரத்தமும் மோஷனும் எடுக்கிறார்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது, சர்க்கரை இருக்கக் கூடாது, உடல் பருமன் கூடாது. இந்தக் கறாரெல்லாம் சும்மா வந்ததில்லை. 2019இல் அமெரிக்காவில், எதிர்ப்புச் சக்தி குறைந்த இரண்டு பேருக்கு இந்தச் சிகிச்சை வழியாகவே மருந்துக்கு அடங்காத ஈ கோலை என்ற பாக்டீரியா தொற்றி, ஒருவர் இறந்துபோனார். கொடுத்தவரின் மலத்தில் அதைச் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். பாஸ்டன் பக்கம் ஓப்பன்பயோம் என்று ஒரு மல வங்கி நடந்தது, ரத்த வங்கி மாதிரியே. அங்கே கொடுக்க முன்வந்தவர்களில் 100க்கு 3 பேர்கூடத் தேறவில்லையாம்.

எங்கள் குடும்பத்தில் 100க்குப் பூஜ்யம். அக்காவுக்குச் சர்க்கரை. அத்தான் எடை மெஷினைப் பார்த்ததுமே அவராகவே விலகிக்கொண்டார். அக்கா பையன், இருபது வயது, இன்ஜினியரிங் படிக்கிறவன், நாங்கள் முழுக்க நம்பியிருந்தது அவனைத்தான், முகப்பருவுக்கு மாதக்கணக்காக டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தின்றுகொண்டிருந்தான். எனக்கு மற்ற எல்லாம் சரியாக வந்து, கடைசி ரிசல்ட்டில் அதே மருந்துக்கு அடங்காத ஈ கோலை. இங்கே நிறையப் பேர் குடலில் அது சும்மா குடியிருக்கிறது, உங்களுக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் அம்மாவுக்கு வேண்டாம் என்றார் டாக்டர். என் வயிற்றை அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லை என்பதில் எனக்கு வந்த அழுகையை இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வராந்தாவில் செல்வன் நின்றிருந்தான். செல்வன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேண்டாம். 27 வயது, எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறான், சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிறான், அந்த வருடம் முழுக்க அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்ததும் அவன்தான். அவன் அப்பாவும் எங்களிடம்தான் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், பேங்குக்குப் போனால் மலையாளம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அவன் ஜாதியை இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அவன் அப்பா என்னைச் சின்ன வயதிலேயே சாமி என்பார், இவன் அண்ணா என்கிறான். எங்கள் ஊரில் முப்பது வருட மாற்றம் அவ்வளவுதான்.

"அண்ணா, நான் குடுத்தா ஆகுமா?" என்று கேட்டான்.

ஆனது. எல்லாவற்றிலும் தேறினான். உடனே கம்பங்கூழ், பழைய சோறு, உழைக்கிற உடம்பு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். என்னைவிட அதிகமாகப் பரோட்டா தின்கிறவன் அவன். ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவன், அதனால் ஆன்டிபயாடிக் அவன் வயிற்றுக்குள் அதிகம் போகவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காரணம். கையெழுத்துப் போடும்போது ஒன்று மட்டும் கேட்டான். "அம்மாவுக்குத் தெரியுமாண்ணா?"

தெரியும் என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மா மறுபடி கேட்டபோது, அக்கா பையன் பெயரைச் சொன்னேன்.

இதற்கு என்னிடம் நல்ல சமாதானம் ஒன்று இருந்தது. கொடுத்தவர் யார் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மல வங்கிகளில் எல்லாம் ரகசியமாகத்தான் வைக்கிறார்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் பெயரை மறைப்பது வேறு, இன்னொருவன் பெயரை வைப்பது வேறு. அது எனக்கு அன்றைக்கே தெரியும். 47 கிலோ அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லியிருப்பாரா? அம்மாவைக் கேட்டுப் பார்க்கவே இல்லையே.

சிகிச்சை நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு நாள் முன்னால் வான்கோமைசினை நிறுத்தினார்கள், முந்தின இரவு குடலைக் கழுவ மருந்து. காலையில் செல்வன் ஒரு டப்பாவோடு வந்தான், ஐம்பது கிராம் போதும் என்றார்கள். ஆய்வகத்தில் இதற்கென்றே தனி மிக்ஸி, வீட்டில் சட்னி அரைக்கிற அதே கம்பெனி மிக்ஸி, அதன்பின் ரொம்ப நாள் நான் சட்னி பக்கம் போகவில்லை. உள்ளே போனதைச் சில மணி நேரமாவது தங்க வைக்க ஒரு மாத்திரை, அப்படியே படுத்திருக்க வேண்டும். மறுநாள் நான்கு தடவை போனார். ஐந்தாம் நாள் ஒரு தடவை. உருட்டி வைத்த மாதிரி என்று அம்மா போனில் அக்காவிடம் சொன்னதை நான் கேட்டேன், அவ்வளவு சந்தோஷமாக யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஒன்றரை வருடமாகிறது, திரும்பவில்லை. இப்போது 58 கிலோ. இதிலிருந்து நல்ல பாக்டீரியாவை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி 2023இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள், வவ்ஸ்ட் என்று பெயர், நாளைக்கு நாலு வீதம் மூன்று நாள் விழுங்க வேண்டும், அப்போது விலை சுமார் 17,500 டாலர். செல்வனுக்கு நான் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான், சட்டைப் பையில் திணித்தேன்.

தொழுவத்துச் சன்னல்

எங்கள் தொழுவத்துச் சன்னலில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு டீ அதில்தான். அது ஜாதி என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, "வேலைக்காரங்க டம்ளர்" என்றுதான் பெயர். நானும் நாற்பது வருடம் அப்படித்தான் நம்பினேன், அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது.

அம்மா தேறி வந்ததும் அக்கா பையன் வீட்டு தெய்வமாகிவிட்டான். என் பேரன் குடுத்த உசுரு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், எதைக் கொடுத்தான் என்று மட்டும் சொல்லமாட்டார், ரத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு வாரா வாரம் நெய், முறுக்கு. இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு அரைப்பவுனில் மோதிரம். அவன் அதை ஒரு நாள் போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து மேசைமேல் கழற்றி வைத்தான். "மாமா, எனக்குக் கூசுது, நீங்களே வெச்சுக்கங்க." பீரோவில் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். செல்வன் பால் கேனை வண்டியில் ஏற்றிவிட்டு, சமையலறைப் படிவரைக்கும் வந்தான். சாதாரணமாக அதுவரை வரமாட்டான். அந்தச் சிகிச்சைக்கு அப்புறம் அவனிடம் ஒரு சின்ன மாற்றம், நான் கவனித்திருந்தேன், ஒரு அடி முன்னால் வந்து நிற்பான், ஒரு வார்த்தை கூடப் பேசுவான். அன்று படியில் நின்று சிரித்துக்கொண்டே, "அம்மா, வயிறு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "என் வயித்தப் பத்தி உனக்கெதுக்குடா? போய் வேலையப் பாரு" என்றார். கோபமாகக்கூட இல்லை. மாட்டை ஓரமாகத் தள்ளுவோமே, அந்தக் குரல்.

செல்வன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஒரு நொடி, இரண்டு நொடி இருக்கும். நான் பேப்பரைத் தூக்கிப் படிக்க ஆரம்பித்தேன். அவன் போய்ச் சன்னலில் இருந்த டம்ளரை எடுத்து, குழாயில் கழுவி, டீக்குக் காத்து நின்றான். அம்மாதான் டீயைத் தூக்கி ஊற்றினார், வழக்கம்போல, டம்ளரில் சொம்பு படாமல்.

அன்றைக்கு அவன் கண்டுபிடித்துவிட்டான். அதன்பின் அண்ணா என்று கூப்பிடுகிறான், ஆனால் போன் வந்தால் மாடு, பால், தீவனம் தவிர வேறு பேச்சு இல்லை. நான் எழுதுவதை எல்லாம் அவன் மொபைலில் படிப்பான், சில சமயம் லைக்கும் போடுவான். இதையும் படிப்பான்.

அம்மா இதெல்லாம் படிக்கமாட்டார். அதனால் சனிக்கிழமை மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்தப் பதிவை வெளியிடுகிறேன்.